மருத்துவ வாரியமும் இரெனேயோவின் இடது கையும்

சான் கிறிசோஸ்தமோ
8 மார்ச் 1987

அன்புள்ள ஒதிலியா அக்காவுக்கு,

நேற்றுச் சனிக்கிழமை மாலை இந்த வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கூட்டத்தில் நானும் நெலிதாவும் கலந்துகொண்டோம். நாய் வாசலில் படுத்தபடி கவனித்தது. நெடுநேர விவாதத்துக்குப் பிறகு, இந்தக் குடும்பத்தின் தலைவர் இனிமேல் நாடா கட்டும் காலணி அணிவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கறுப்புத் தோல் காலணிகள் துடைக்கப்பட்டு, காகிதத்தில் சுற்றப்பட்டு, உரிய மரியாதையுடன் அலமாரியின் மேல்தட்டுக்கு அனுப்பப்பட்டன. இனித் துணிச்செருப்புதான். காலை உள்ளே விட்டால் போதும். மனிதன் தன் ஆயுளில் எவ்வளவு பகுதியை முடிச்சுப் போடுவதிலும் அதை அவிழ்ப்பதிலும் கழிக்கிறான் என்று எந்த அரசும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. மிச்சமாகும் நேரத்தை வாசிப்பில் செலவிடுவதாக இருக்கிறேன்.

அதே கூட்டத்தில் ஒரு துணைத் தீர்மானமும் நிறைவேறியது: இறைச்சி தட்டுக்கு வரும்போதே துண்டுகளாக வர வேண்டும். நெலிதா முன்மொழிந்தாள். நான் நடுநிலை வகித்தேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறார்கள், அதனால் எனக்குக் கொஞ்ச நாள் ஓய்வு. ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, கொசுவும் கூடவே ஏறியிருக்கிறது. உன் இருமல் எப்படி? அங்கே தெற்கில் காற்று இன்னும் ஆட்களைத் தள்ளிக்கொண்டுபோகிறதா? உன் பதிவகத்தில் பிறப்பு முந்துகிறதா, இறப்பு முந்துகிறதா?

நெலிதா உன்னை விசாரித்தாள்.

உன் தம்பி
இரெனேயோ


திரெலேவ்
21 மார்ச் 1987

தம்பி இரெனேயோவுக்கு,

நான் சுகம். இருமலும் சுகமாகத்தான் இருக்கிறது. நீங்கள் இருவரும் உண்மையிலேயே சுகமா என்பதைத் தெரிந்துகொள்ள இந்தக் கடிதம்.

உன் தீர்மானங்களை இரண்டு முறை படித்தேன். சின்ன வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நாடாக் காலணியைக் கண்ணாடிபோலத் துடைத்துப் போட்டவன் நீ. இருபது வருஷமாக இறைச்சி ஆலையில் எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கிற மேசையில் நிற்கிறாய். உன் கத்தி வேகத்தைப் பார்க்க மற்ற மேசைக்காரர்கள் வருவார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படிப்பட்டவனின் தட்டில் இருக்கும் துண்டை மனைவி வெட்டித் தர வேண்டியிருக்கிறது. இது ஒன்று.

இரண்டாவது, மார்ச் மாதத்தில் எந்த இறைச்சி ஆலையும் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதில்லை. கொழுத்த மாடு காத்திருக்காது.

மூன்றாவது, உன் கடிதத்தில் உருட்டுப்பந்து ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாவட்டக் கோப்பையை வாங்கிய நாளிலிருந்து நீ அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. அம்மா இறந்த செய்தியே இரண்டாவது பத்தியில்தான் வந்தது.

உன் கையெழுத்தைப் பதிவகத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நடுக்கம் இல்லை, சாய்வு இல்லை. ஆகவே கோளாறு கையில் இல்லை. முதுகா? குனிய முடியவில்லையா? மறைக்காமல் எழுது.

நெலிதாவுக்கு என் அன்பு.

ஒதிலியா


சான் கிறிசோஸ்தமோ
4 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது, சுகம் அறிந்து மகிழ்ச்சி. முதுகு நேராக இருக்கிறது. இன்று காலைகூடக் குனிந்து நாயின் தட்டை எடுத்தேன். சாட்சி நாய்.

உருட்டுப்பந்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்று செய்தித்தாளில் எல்லாத் தலைவர்களும் சொல்கிறார்கள், ஒருவராவது செய்து காட்டட்டுமே என்றுதான்.

பூசணி நன்றாகக் காய்த்திருக்கிறது. வேறு விசேஷமில்லை.

உன் தம்பி
இரெனேயோ


சான் கிறிசோஸ்தமோ
7 ஏப்ரல் 1987

மதிப்புக்குரிய ஒதிலியா அண்ணிக்கு,

நெலிதா எழுதுகிறேன். உங்கள் இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் சேர்த்துக் குடியுங்கள். உங்களிடம் எதையும் சொல்லக்கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் சொல்லவில்லை, எழுதுகிறேன்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை, தொங்கும் மாடுகளை நகர்த்துகிற சங்கிலி சிக்கிக்கொண்டது. சிக்கினால் இயந்திரக்காரரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. கூப்பிட்டால் வரிசை நிற்கும், வரிசை நின்றால் மேஸ்திரி கத்துவார், அதனால் யாரும் கூப்பிடுவதில்லை. இவர் கையை விட்டு எடுத்துவிடப் பார்த்தார். சங்கிலி திடீரென்று நகர்ந்துவிட்டது. இடது கை, அண்ணி. சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டைவிரல் இருக்கிறது, ஆனால் மடங்குவதில்லை.

உங்கள் பூதக்கண்ணாடியில் எப்படித் தெரியும்? அவர் எழுதுவது வலது கையால்தானே. இவர் தொழிலும் விளையாட்டும் எல்லாம் இடது கை, எழுத்து மட்டும் பள்ளிக்கூடத்தில் மாற்றிவிட்ட கை. அது நல்லபடியாக இருக்கிறது.

வலிக்கிறது என்று இதுவரை சொல்லவில்லை. இல்லாத விரல் அரிக்கிறது என்று ஒருநாள் சொன்னார், அதையும் சிரித்துக்கொண்டே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு விடியற்காலையில் எழுந்து, சமையலறையில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக் கட்டிப் பார்ப்பார். ஒரு வாரம் பார்த்தேன். பிறகு நான்தான் காலணியைக் காகிதத்தில் சுற்றி மேலே வைத்தேன். தீர்மானம், கூட்டம் எல்லாம் அவர் எழுதியது.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி மாகாணத் தலைநகரில் மருத்துவ வாரியம் அவரைப் பரிசோதிக்கிறது. குறைபாடு இவ்வளவு என்று ஓர் எண் போடுவார்கள். எண் போதுமானதாக இருந்தால் இழப்பீடு உண்டு, ஆலை அவருக்கு ஏற்ற வேறு வேலையும் கொடுத்தாக வேண்டும். போதாவிட்டால் கத்தி மேசைக்கே திரும்ப வேண்டும். அந்தக் கையால் கத்தி பிடிக்க முடியாது. முடியாதவர்களை ஆலை வீட்டுக்கு அனுப்பிவிடும். இந்த ஊரில் ஆலையை விட்டால் ஆறுதான் இருக்கிறது. இப்போதே அதன் கரையில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

நான் எழுதியது தெரிய வேண்டாம்.

உங்கள் நெலிதா


திரெலேவ்
16 ஏப்ரல் 1987

தம்பி இரெனேயோவுக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். பூசணி காய்த்ததில் மகிழ்ச்சி.

இங்கே எழுத ஒன்றுமில்லை. பதிவகத்துக்கு வந்த ஒருவர், பெயர் வேண்டாம், மருத்துவ வாரியத்துக்குப் போய்வந்த கதையைச் சொன்னார். உனக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் வாசிப்பில் புதிதாக ஆர்வம் வந்திருக்கிறது என்றாயே, அதனால் எழுதுகிறேன்.

முகம் மழித்துக்கொண்டு போக வேண்டுமாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டுமாம். கோபப்படக்கூடாதாம். கூடத்தில் மணிக்கணக்காகக் காக்க வைப்பார்களாம். ஆகவே மாத்தே தேநீருக்கான இலை, அதை ஊற்றிக் குடிக்கிற குடுக்கை, உறிஞ்சுகுழல், வெந்நீர்க் குடுவை எல்லாம் கையோடு கொண்டுபோய், வருகிறவர் போகிறவருக்கும் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தால் நல்லதாம். தனக்கு மாத்தே ஊற்றிக் கொடுத்தவனை எந்த அதிகாரியும் உடனே கடித்துவிட மாட்டானாம்.

சும்மா எழுதினேன். நெலிதாவுக்கு என் அன்பு. அவளுடைய எலுமிச்சை வைத்தியம் வேலை செய்கிறது.

ஒதிலியா


சான் கிறிசோஸ்தமோ
3 மே 1987

அன்புள்ள அக்காவுக்கு,

பெயர் வேண்டாத அந்த மனிதருக்கு என் நன்றியைச் சொல்லவும். எலுமிச்சை வைத்தியம் உனக்கு எப்படித் தெரிந்தது என்பது குறித்து இந்த வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. நெலிதா தன் தரப்பைத் தானே வாதாடினாள். சொல்வது வேறு, எழுதுவது வேறு என்று தீர்ப்பாயிற்று.

ஆக, உனக்குத் தெரியும். நான் மறைத்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வேறு விஷயங்கள் முந்திக்கொண்டன.

வாரியத்துக்குப் போனேன். முகம் மழித்திருந்தேன். மரப் பெஞ்சுகள் போட்ட நீண்ட கூடம். தோள், இடுப்பு, கண், பாதம் என்று மாகாணம் முழுவதிலிருந்தும் பாகம் பாகமாக ஆட்கள் வந்திருந்தார்கள். நான் குடுவையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். இருமிக்கொண்டே ஒரு வெள்ளைக்கோட்டுக்காரர் வெளியே வந்து பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார். அவருக்கும் கொடுத்தேன். ஊரில் யார் மாட்டை எப்படிக் கொழுக்க வைக்கிறார்கள் என்பதைப் பேசிக்கொண்டே மூன்று குடுக்கை குடித்தார். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர்தான் டாக்டர் பியாஜினி, என் கையைப் பரிசோதிக்கப் போகிறவர் என்பது உள்ளே போனதும் தெரிந்தது. நீயும் அந்த மனிதரும் சொன்னது பலித்துவிட்டது என்று மனத்துக்குள் சந்தோஷப்பட்டேன்.

கையைப் பார்த்தார், மடக்கச் சொன்னார், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். முடிவை அங்கேயே படித்தார். காயம் வேலை செய்யாத கையில். குறைபாடு சிறிது. பழைய வேலைக்குத் தகுதியானவர்.

நான் இடது கைக்காரன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கனிவாகத்தான் பேசினார். "இரெனேயோ, உங்க கையால மூணு மாத்தே குடிச்சிருக்கேன். ஊத்துனது வலது கை, நீட்டுனது வலது கை. ஒரு சொட்டு சிந்தல. ரெண்டு மாசப் பழக்கத்துல அந்த லாவகம் வருமா? கையெழுத்தும் வலது கைல பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி போடுறீங்க. எனக்கும் வயசாச்சு, என்னை ஏமாத்தலாமா?"

எல்லோருக்கும்போல எனக்கும் ஒரு அம்மா இருந்தாள், இடது கையால் மாத்தே நீட்டினால் புறங்கையில் கரண்டியால் அடிப்பாள், ஆறு வயதிலிருந்து நான் வலது கையால்தான் கொடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அவர் கேட்கவில்லை.

ஒரே ஒரு கை மிஞ்சியவன் அந்தக் கையைப் பயன்படுத்தினான் என்பது அவனுக்கு எதிரான சான்றாகிவிட்டது. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, நான்தான் மரியாதையாக நடந்துகொண்டேன்.

மேல்முறையீடு செய்ய ஜூலைவரை நேரமிருக்கிறதாம். எனக்கு விருப்பமில்லை. ஆறு இப்போது அழகாக இருக்கிறது.

உன் தம்பி
இரெனேயோ


திரெலேவ்
12 மே 1987

தம்பி,

சுகம் விசாரிக்க நேரமில்லை. ஆற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாத்தே கொண்டுபோகச் சொன்ன அந்தப் பெயர் வேண்டாத மனிதரை இனிப் பதிவகத்துக்குள் விடுவதாக இல்லை.

இத்துடன் மேல்முறையீட்டு மனு இருக்கிறது. எழுதியது நான். கையெழுத்து உன்னுடையது. எந்தக் கையாலாவது போட்டு அனுப்பு. நீ இடது கைக்காரன் என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

சாட்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கவனமாகப் படி. போன வருஷம் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, தான் இறக்கவில்லை என்று புகார் கொடுத்தார். புத்தகத்தில் தவறுதலாக இறந்திருந்தார். மனைவியும் இரண்டு தம்பிகளும் வந்து உயிரோடு இருக்கிறார் என்று சத்தியம் செய்தார்கள். உறவினர்கள் சொல்வதை ஏற்க முடியாது என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பிறகு, வேலித் தகராறில் அவர்மேல் வழக்குப் போட்டிருந்த பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தார். "இவன் செத்திருந்தா எனக்கு நிம்மதி, ஆனா சாகல" என்றார். அன்று மாலைக்குள் இறந்தவர் புத்தகத்தில் உயிரோடு வந்துவிட்டார்.

அரசாங்கம் அன்பை நம்பாது. நெலிதா வேண்டாம், மேசைத் தோழர்களை மட்டும் நம்பாதே. உன்னைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஒரு ஆளைக் கண்டுபிடி.

ஒதிலியா


சான் கிறிசோஸ்தமோ
14 ஜூன் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

வழக்கம்போல ஜூன் மாதத்தோடு குளிர் வந்துவிட்டது, நாங்கள் சுகம். மனு போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் நான்காம் தேதி கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு மாதமாகச் சாட்சி தேடுகிறேன். இந்த ஊரில் நான் இடது கைக்காரன் என்பது தெரியாத ஆள் இல்லை, அதைச் சொல்ல வருகிற ஆளும் இல்லை.

முதலில் ஆலை. கத்திகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க இடது கைக்காரனை மேசையின் கோடியில் நிறுத்துவது வழக்கம். இருபது வருஷம் கோடியில் நின்றேன். அதை எழுதித் தரும்படி மேஸ்திரியைக் கேட்டேன். ஆலையின் காகிதங்களில் மேசை இருக்கிறது, மேசைக்குக் கோடி என்று ஓர் இடம் இல்லை என்றார். மேசையில் என் பக்கத்தில் நின்ற பெர்மின் வரத் தயார். ஆனால் அவன், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் என் மகனுக்கு ஞானத்தந்தை.

பாதிரியாரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்ப்பது பூசையில், அங்கே நான் சிலுவை போடுவது வலது கையால்.

பிறகு குளோதில்தே டீச்சர். எண்பதைத் தாண்டிவிட்டார், நினைவு பிசகவில்லை. என் இடது கையை முதல் வகுப்பில் பெஞ்சுக் காலோடு துணி நாடாவால் கட்டிவைத்தது அவர்தான் என்பதால், அவரைவிட நல்ல சாட்சி கிடையாது என்று நினைத்தேன். என்னை உட்கார வைத்து இனிப்பு ரொட்டி கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "உன் வலது கை என் உழைப்புடா. இந்த மாவட்டத்துல இடது கையோட வந்த ஒரு பிள்ளையையும் நான் அப்படியே வெளிய அனுப்பினதில்ல. இப்போ நானே போய் அது பொய்க் கைன்னு சொல்லணுமா?" என்றார். வாரியம் கூப்பிட்டால் நான் வலது கைக்காரன் என்று சத்தியம் செய்யவும் அவர் தயார். மெதுவாக எழுந்து வந்துவிட்டேன்.

நீ சொன்ன வகை ஆள் இந்த ஊரில் ஒருவர்தான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப்பின் தலைவர், இரும்புக்கடைக்காரர் பால்தொமேரோ. பதினோரு வருஷமாக உருட்டுப்பந்தில் என்னிடம் தோற்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் நடந்த இறுதி ஆட்டத்தில் என் பந்துக்கும் இலக்கான குட்டிப் பந்துக்கும் நடுவில் இருந்த தூரத்தை நூல் பிடித்து இரண்டு முறை அளந்தார். அன்றிலிருந்து பேசுவதில்லை. நான் போய்க் கேட்க மாட்டேன். கேட்க மாட்டேன் என்று நெலிதாவிடமும் சொல்லிவிட்டேன்.

நேற்று அவள் கதவுக் கீல் வாங்க வேண்டும் என்று அவர் கடைக்குப் போனாள். எங்கள் வீட்டில் எல்லாக் கீலும் நன்றாக இருக்கின்றன.

உன் தம்பி
இரெனேயோ


திரெலேவ்
19 ஜூலை 1987

தம்பி,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. சுகமா? இங்கே பனி.

கீல் கிடைத்ததா?

ஒதிலியா


சான் கிறிசோஸ்தமோ
9 ஆகஸ்ட் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத ஒன்றுமில்லாததுதான். பால்தொமேரோ கீலை மட்டும் விற்றார். யோசிக்க வேண்டும் என்றாராம். யோசித்தாரா என்பது கடைசிவரை தெரியவில்லை. நான்காம் தேதி விடியற்காலை பஸ்ஸில் ஏறினேன். ஐந்து வரிசை தள்ளி, தொப்பியோடு, சவரம் செய்த முகத்தோடு அவர் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வழியில் வண்டி நின்றபோது அவர் தனியாக ஒரு காப்பி குடித்தார், நான் தனியாக ஒன்று குடித்தேன்.

இந்த முறை மாத்தே கொண்டுபோகவில்லை.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவராக ஒரு அம்மாள், ஒரு பக்கம் பியாஜினி, மறுபக்கம் ஆலையின் வக்கீல். பெர்மின் பேசினான். நண்பர்தானே என்று வக்கீல் கேட்டார், அவனும் ஆமாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டான். அத்தோடு அவன் முடிந்தான். பிறகு பால்தொமேரோவைக் கூப்பிட்டார்கள்.

நீங்களும் இவருக்கு நண்பரா என்று வக்கீல் கேட்டார்.

"நண்பனா? இவனுக்கா?" அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இவன் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரல, வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். பதினோரு வருஷமா இந்த இடது கைல என்னைத் தோக்கடிச்சிருக்கான். இவன் வலது கைக்காரன்னு நீங்க எழுதிட்டா, நான் என்ன கண்ணு தெரியாம விளையாடிட்டு இருந்தேனா?"

பியாஜினி மாத்தே விஷயத்தைச் சொன்னார். சரளமாக வலது கையால் கொடுத்தாரே என்றார்.

"டாக்டர் எந்த ஊரு?" என்று பால்தொமேரோ கேட்டார். பியாஜினி ஊர்ப்பெயரைச் சொன்னார். நம் மாகாணம்தான். "உங்க வீட்ல இடது கையால நீட்டுனா உங்கம்மா வாங்கிக் குடிப்பாங்களா?"

பியாஜினி தன் இடது புறங்கையைத் தேய்த்துக்கொண்டார் என்று பெர்மின் சொல்கிறான். நான் பார்க்கவில்லை. பெர்மின் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்.

தலைவர் அம்மாளுக்கு உருட்டுப்பந்து தெரியாது. இடது கை ஆட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டார். விளக்க முடியாது என்றார் பால்தொமேரோ. எழுந்தார், தொப்பியை நாற்காலியில் வைத்தார், மேசையைச் சுற்றி நடந்து அறையின் நடுவுக்கு வந்தார்.

அக்கா, அதன்பின் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் வலது முழங்காலைக் கொஞ்சம் மடித்தார். தலையைச் சாய்த்தார். நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டார், நான் அப்படிச் செய்வேன் என்பது எனக்கே தெரியாது. இல்லாத பந்தை இடது உள்ளங்கையில் இரண்டு முறை தூக்கிப் பார்த்தார். கையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய், கடைசி நேரத்தில் மணிக்கட்டை உள்ளே திருப்பி விட்டார். அந்த மணிக்கட்டுத் திருப்பம் என்னுடையது. வேறு யாரிடமும் இல்லை. பந்து போய் நிற்கும்வரை ஒற்றைக் காலில் நின்றார். நானும் அப்படித்தான் நிற்பேனாம். தலைவர் அம்மாள், பியாஜினி, வக்கீல் மூவரும் கோப்பு அலமாரிவரை அந்தப் பந்தைக் கண்ணால் தொடர்ந்தார்கள்.

"இதான். பதினோரு வருஷமா வீட்டுக் கொல்லைல இதைப் பழகிப் பாத்துட்டேன், எனக்கு வரல. இவனுக்கு மட்டும்தான் வரும்." நாற்காலியிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, "வந்துச்சு" என்றார்.

பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஐந்து வரிசை தள்ளித்தான் உட்கார்ந்தார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இறங்கும்போது, கீலுக்கு எண்ணெய் போட மறக்க வேண்டாம் என்று நெலிதாவிடம் சொல்லச் சொன்னார்.

உன் தம்பி
இரெனேயோ


திரெலேவ்
18 ஆகஸ்ட் 1987

தம்பி இரெனேயோவுக்கு,

உன் கடிதம் அலுவலக நேரத்தில் வந்தது. படித்துவிட்டுக் கவுன்டரைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தேன். இருமல் என்று சொன்னேன். வெளியே பிள்ளை பிறந்ததைப் பதிய ஒரு இளம் தம்பதி காத்திருந்தார்கள். பிள்ளை தூங்கியதால் யாருக்கும் நஷ்டமில்லை.

முடிவு வந்ததும் தந்தி அடி. நெலிதாவுக்கு என் முத்தம். அந்த இரும்புக்கடைக்காரருக்கு இங்கிருந்து ஒரு கம்பளிக் கழுத்துத்துணி அனுப்புகிறேன். யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம்.

ஒதிலியா


சான் கிறிசோஸ்தமோ
4 அக்டோபர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் சொல்லுக்குக் காசு என்பதால் விட்டுப்போனவற்றை இப்போது எழுதுகிறேன். நாங்கள் சுகம். பீச் மரம் பூத்திருக்கிறது.

மனுதாரர் இடது கைக்காரர் என்பதை வாரியம் ஏற்றுக்கொண்டது. எண்ணைத் திருத்திவிட்டார்கள், இப்போது அது போதுமானதாக இருக்கிறது. இழப்பீட்டில் கூரைத் தகடு மாற்றியிருக்கிறோம், மழை பெய்யும்போது நெலிதா இனி வாளி தேடி ஓட வேண்டாம். ஆலை என்னை மாடுகள் வருகிற வாசலில் எடை மேடைக்கு மாற்றியிருக்கிறது. லாரி வந்து நிற்கும், நான் எடைக்கல்லை நகர்த்துவேன், எழுதிக்கொள்வேன். கல்லை நகர்த்த மூன்று விரல் தாராளம், எழுதுவதற்குக் குளோதில்தே டீச்சரின் கை இருக்கிறது. ஓட்டுநர்கள் பல ஊர்ச் செய்தி கொண்டுவருகிறார்கள். முதல் நாள் மதியம் நெலிதா சாப்பாடு கொண்டுவந்தாள், திரும்பிப் போகாமல் லாரி எல்லாம் போகும்வரை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்துத்துணியைப் பால்தொமேரோ போட்டுக்கொள்கிறார். வெயில் வந்துவிட்டது, ஆனாலும் போட்டுக்கொள்கிறார். ஞாயிறு மாலைகளில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போகிறேன். வலது கையால் எறியப் பழகுகிறேன். அவர் பக்கத்தில் நின்று, முழங்காலை மடி, மணிக்கட்டை இப்போது திருப்பாதே என்று திட்டிக்கொண்டே இருக்கிறார். வாராவாரம் தோற்கிறேன். அவருக்கு அதில் முன்னளவு சந்தோஷம் இருப்பதாகத் தெரியவில்லை.

பெர்மின் போன மாதம் ஈரத் தரையில் விழுந்துவிட்டான். அவனும் செவ்வாய்க்கிழமை வாரியத்துக்குப் போய் வந்தான். படிவத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம்: மனுதாரர் எந்தக் கைப் பழக்கம் உள்ளவர். பியாஜினி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாராம். பெர்மினுக்கு அடிபட்டது முழங்காலில். வலது கை என்று சொன்னான், எழுதிக்கொண்டார்கள்.

உன் தம்பி
இரெனேயோ